பன்னிரண்டாவது கன்வர்ட்டர்

என் அண்ணியிடம் போய் "படம் வரல" என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்க முடியாது. "எங்கேருந்து வருது, எங்க போகுது?" என்று கேட்பாள். பதில் தெரியாமல் விழிப்பவரைத் திருப்பி அனுப்பிவிடுவாள், இரண்டு பெட்டிகளின் முதுகையும் போட்டோ எடுத்துக்கொண்டு வரச் சொல்லி. எலக்ட்ரானிக்ஸ் சந்தையின் இரண்டாவது மாடியில், படிக்கட்டு திரும்புகிற மூலையில் ஒரு மேசை, ஒரு ஸ்டூல், ஒரு சின்ன டிவி, சுவர் முழுக்கத் தகர டப்பாக்கள். அதுதான் அவள் கடை. பழைய கேமராவிலிருந்து புது டிவிக்கு, பழைய டேப் பெட்டியிலிருந்து கம்ப்யூட்டர் திரைக்கு, ஒன்றோடொன்று ஒட்டாத எதையும் ஒட்டவைக்கும் வயர்களும் குட்டிப் பெட்டிகளும் அங்கே கிடைக்கும். சந்தையில் அவளுக்குக் கன்வர்ட்டர் அக்கா என்று பெயர்.

ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, பை நிறைய எந்தச் சுவரிலும் பொருந்தாத சார்ஜர்களோடு நான் திரும்பி வந்தேன். அண்ணன் வீட்டில் இரண்டு வாரம் தங்கிவிட்டுக் கிளம்புவதாகத் திட்டம். வீட்டில் உட்கார முடியாமல் தினமும் அண்ணியோடு கடைக்குப் போக ஆரம்பித்தேன். அவள் என்னை "நாத்தனாரே" என்றுதான் கூப்பிடுவாள். மரியாதை மாதிரி இருக்கும், ஆனால் மரியாதை இல்லை.

சொருகிகளுக்கும் அவள் பெயர் வைத்திருந்தாள். படத்தின் வெளிச்சமும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து வருகிற ஒற்றைச் சொருகி மஞ்சள். வெளிச்சம் ஒரு கம்பியிலும் நிறம் இன்னொரு கம்பியிலும் தனித்தனியாக வருகிற உருண்டைச் சொருகி நாலு பல்லு. பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று தலையோடு வருவது மூணு தலை. அகலமாக, இரண்டு வரிசைப் பல்லோடு இருப்பது சீப்பு.

நான் போன முதல் நாளே ஒருவர் டிவி செத்துவிட்டது என்று புலம்பிக்கொண்டு வந்தார். மூணு தலைப் பெட்டியின் பச்சையை மட்டும் டிவியின் மஞ்சள் துளையில் சொருகியிருக்கிறார். துளை பொருந்தியது, படமும் வந்தது, கறுப்பு வெள்ளையில். "டிவிக்கு ஒண்ணும் இல்ல. வெளிச்சத்தை மட்டும் கூட்டிட்டு வந்து, நிறத்தை வழியிலயே விட்டுட்டு வந்திருக்கீங்க" என்றாள் அண்ணி. அவர் அதைக் கவிதை என்று நினைத்துச் சிரித்தார். அவளுக்கு அது வயர் விஷயம்.

அந்தச் சுவரில், டப்பாக்களுக்கு நடுவில், பழுத்துப்போன ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. "ஒரே ஒரு ஊதாப் புள்ளி வைத்த கன்வர்ட்டர் உங்களிடம் இருந்தால் கொண்டு வரவும். மாற்றித் தரப்படும்." ஏதோ பரிசுச் சீட்டு விளம்பரம் என்று நினைத்தேன். பக்கத்துக் கடைக்காரர்தான் விவரம் சொன்னார், அவள் காதில் விழும்படி, வேண்டுமென்றே.

கடை போடுவதற்கு முன்பு அண்ணி ஒரு டிவி தொழிற்சாலையில் சோதனை மேசையில் எட்டு வருடம் இருந்தாள். ஒருநாள் நிறம் சரியில்லாத டிவிகளை "பாஸ்" போட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். அவள் மாட்டேன் என்று வாதாடவில்லை. நாற்பத்தாறு டிவிகளிலும் "தள்ளுபடி" சீட்டை ஒட்டிவிட்டு, மேசையைத் துடைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு நின்றாளாம். மறுநாள் வர வேண்டாம் என்றார்கள். அதற்குத் தயாராகத்தானே பையை எடுத்தேன் என்றாளாம்.

கடை போட்டு அவள் தன் கையால் செய்த முதல் சரக்கு, நாலு பல்லிலிருந்து மஞ்சளுக்கு மாற்றும் கன்வர்ட்டர். பன்னிரண்டு. இரண்டு கம்பிகளையும் நேரே முறுக்கி ஒட்டிப் பார்த்தபோது படம் மங்கி, அழுக்காக வந்தது. நிறக் கம்பியை வெட்டிவிட்டு வெளிச்சக் கம்பியை மட்டும் ஒட்டினாள். படம் கண்ணாடி மாதிரி வந்தது. பன்னிரண்டையும் அப்படியே செய்து, கல்யாணத்தில் யாரோ கொடுத்த, விரலில் போட்டால் சகிக்காத ஊதா நகப்பூச்சால் ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி வைத்து விற்றுவிட்டாள். அவள் சோதித்துப் பார்த்தது கடையில் இருந்த கறுப்பு வெள்ளை டிவியில். அன்றைக்கு அவளிடம் இருந்தது அது ஒன்றுதான். எட்டு வருடம் நிறத்தைச் சோதித்தவள் அதைச் செய்தாள்.

ஒரு மாதத்துக்குள் திட்டுகளோடு பதினொன்று திரும்பி வந்தன. நிறக் கம்பியை வெட்டக் கூடாது, நேரேயும் ஒட்டக் கூடாது, நடுவில் மிளகு அளவில் ஒரு கெப்பாசிட்டர் வைத்து ஒட்ட வேண்டும் என்று கண்டுபிடித்து எல்லோருக்கும் மாற்றிக் கொடுத்தாள். ஒரு கலர் டிவி வாங்கினாள். சரியாகச் செய்தவற்றுக்கு இரண்டு புள்ளி. பன்னிரண்டாவது மட்டும் வரவே இல்லை. ஒன்பது வருடமாகக் காகிதம் ஒட்டி அதற்காகக் காத்திருந்தாள்.

"அதை வாங்கினவன் கண் தெரியாதவனா இருப்பான்" என்றார் பக்கத்துக் கடைக்காரர்.

"இல்ல, உங்கள மாதிரி வாங்கிட்டுப் பிரிச்சே பாக்காதவனா இருப்பான்" என்றாள் அண்ணி, ஈயம் உருக்கும் சால்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் கிளம்ப இருந்த வாரத்தில் அண்ணனுக்கு அந்தக் கடிதம் வந்தது. அண்ணன் ஒரு சரக்குக் கிடங்கில் கிரேன் ஓட்டுகிறான். மூன்று வாரங்களுக்கு முன்பு அவன் இறக்கிய சரக்கு, பின்னால் வந்த ஒரு லாரியின் தலையில் உட்கார்ந்துவிட்டது. லாரிக்காரர் குதித்துத் தப்பித்தார், மணிக்கட்டு உடைந்தது. கிடங்கின் நடுவில் ஒரு கம்பத்தில் ஒரே ஒரு குண்டு விளக்கு உண்டு. பச்சை எரிந்தால் கிரேன் இறக்கலாம், சிவப்பு எரிந்தால் நிறுத்த வேண்டும். இரண்டு நிறமும் அந்த ஒரே குண்டுக்குள்தான். சுவிட்ச் சூப்பர்வைசரிடம்; கீழே வண்டி வந்தால் அவர்தான் சிவப்பு போட வேண்டும். தான் சிவப்பு போட்டிருந்ததாகச் சூப்பர்வைசர் எழுதிக் கொடுத்துவிட்டார். பச்சை என்று அண்ணன் சொன்னான்.

கடிதம் இரண்டு வழி காட்டியது. சிவப்பை மீறியது என் தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், தானாக விலகியதாகக் காட்டி நல்ல சான்றிதழோடு அனுப்பிவிடுவார்கள். இல்லையென்றால் விசாரணை. அதில் தோற்றால் காரணத்தோடு நீக்கம், அதன் பிறகு எந்தக் கிடங்கும் அவனைக் கிரேனில் ஏற்றாது. அவனுக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். உயரத்தில் தனியாக உட்கார்ந்திருப்பதைத் தவிர உலகத்தில் அவனுக்கு வேறு எதுவும் பிடிக்கவும் செய்யாது.

அவன் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றான். விசாரணைக்குப் போகலாம் என்றாள் அண்ணி. அவனுக்காகப் பேச ஒருவர், குறிப்பெடுக்க ஒருவர் வரலாம் என்று கடிதத்தில் இருந்தது. கூட வேலை செய்கிறவர்கள் யாரும் முன்வரவில்லை. பேச அண்ணியும் எழுத நானும் போனோம்.

கிடங்கின் மாடியில் நீளமான அறை. வெளியிலிருந்து வரவழைத்த ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் தலைமை. அவருக்கு இடப்பக்கம் மேனேஜர், வலப்பக்கம் சூப்பர்வைசர். சக்கரம் வைத்த மேசையில் ஒரு டிவி, கீழ்த்தட்டில் கேமராப் படத்தைப் பதிவு செய்கிற பழைய டேப் பெட்டி. ஓடுகிறவரை ஓடட்டும் என்று யாரும் மாற்றாமல் விட்ட சாமான். வழக்கமாக அது காவல் அறையில் இருக்கும், அங்கே இருக்கும் திரை உள்ளங்கை அளவு, கறுப்பு வெள்ளை.

டேப்பை ஓட்டினார்கள். படம் சாம்பல் நிறத்தில் தத்தித் தத்தி நகர்ந்தது. கிரேன் இறக்குகிறது. லாரி பின்னால் வருகிறது. சரக்கு உட்காருகிறது. ஆட்கள் ஓடுகிறார்கள். கம்பத்தில் குண்டு விளக்கு வெள்ளையாக எரிகிறது, ஆரம்பத்திலிருந்து கடைசிவரை. எரிகிறது என்பது தெரிகிறது. என்ன நிறம் என்பது சாம்பலில் எப்படித் தெரியும்? கேமராவே கறுப்பு வெள்ளைதான், அதனால் சூப்பர்வைசர் வாக்குமூலத்தைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார் மேனேஜர். அவர் பொய் சொன்ன மாதிரி தெரியவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நம்பினார். அந்தக் கட்டடத்தில் யாரும் அந்தப் படத்தை நிறத்தில் பார்த்ததே இல்லை.

அண்ணி எழுந்து டிவியின் பின்பக்கம் போய்க் குனிந்தாள். எதையும் தொட வேண்டாம் என்றார் மேனேஜர். தொடவில்லை, பார்க்கிறேன் என்றாள். டேப் பெட்டியின் மஞ்சள் துளை என்றோ உடைந்து, அதில் ஒரு சொருகியின் முனை சிக்கிக் கிடந்தது. அதனால் பக்கத்தில் இருந்த நாலு பல்லுத் துளையிலிருந்து ஒரு கன்வர்ட்டர் வழியாக டிவிக்கு வயர் போயிருந்தது. அண்ணி திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நாளைக்கு இன்னொரு முறை டேப்பைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள். அதிகாரி மறுநாள் பதினோரு மணிக்கு என்று எழுதிக்கொண்டார்.

வாசலுக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள். "ஒத்தப் புள்ளி. ஊதா."

எனக்குப் புரிய இரண்டு நொடி ஆனது. அண்ணனுக்கு அதுவும் ஆகவில்லை. நடுத்தெருவில் நின்று சிரித்தான், மூன்று வாரத்தில் முதல்முறையாக. சிரிப்பு நின்றதும் அவன் முகம் இன்னும் மோசமாகிவிட்டது.

அந்த கன்வர்ட்டர் வழியாக நிறம் வராது. ஆனால் டேப்பில் நிறம் இருக்கிறதா? கேமரா உண்மையிலேயே கறுப்பு வெள்ளையாக இருந்தால்? வெளிச்சம் இருக்கும்போதே நான் கிடங்குச் சுவரோரமாக நடந்து, போன் கேமராவை முடிந்தவரை நீட்டி, விளக்குக் கம்பத்தைப் பார்த்து வைத்திருந்த கேமராவைப் படம் எடுத்தேன். அதன் பக்கவாட்டில், பறவை எச்சத்துக்கு அடியில், வெளுத்துப்போன மூன்று புள்ளிகள் தெரிந்தன. சிவப்பு, பச்சை, நீலம் போலத்தான் இருந்தன. அண்ணி போனை வாங்கி நீண்ட நேரம் பார்த்தாள். "கலர் கேமராதான் போல. ஆனா ஸ்டிக்கரை நம்பி நான் எதையும் வித்ததில்ல" என்றாள்.

வீட்டில், சாப்பாட்டு மேசையின் ஒரு ஓரத்தில் அண்ணன் அந்தக் கடிதத்தையும் பேனாவையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். மறு ஓரத்தில் அவள் சால்டர் வைத்து ஒரு புது கன்வர்ட்டர் செய்துகொண்டிருந்தாள்.

"நாளைக்கு அத்தனை பேர் முன்னாடி உன் சரக்கு ஓட்டைன்னு நீயே சொல்லப் போறியா?" என்றான். "சந்தை பூரா சிரிக்கும்."

"சிரிக்கட்டும். சிரிச்சவன் அடுத்த வாரம் வயர் வேணும்னு எங்கிட்டதான் வரணும்."

"கலர்ல பாத்து சிவப்பா இருந்தா?"

அண்ணி சால்டரை அதன் தாங்கியில் வைத்தாள். "நீங்க பாத்தது என்ன?"

"பச்சைன்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறதைக் கேக்கல. பாத்ததைக் கேக்கறேன்."

அவன் பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தான். "மூணு வாரமா எல்லாரும் சிவப்பு சிவப்புங்கறாங்க. இப்ப கண்ணை மூடினா எனக்கே சிவப்பாத்தான் தெரியுது."

நான் எங்கெங்கோ சுற்றியவள். பயந்த மனிதர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தன் கண்ணையே பறிகொடுத்த ஒருவனை அன்றைக்குத்தான் பார்த்தேன், அவன் என் அண்ணனாக இருந்தான். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கடிதத்தைக் கிழிக்கத் தோன்றியது. அண்ணி என் கையைத் தட்டிவிட்டாள்.

"கிழிக்காத, அது வேணும்" என்றாள். அவனைப் பார்த்து, "கண்ணை மூடினா தெரியறது வேண்டாம். நாளைக்குத் திறந்தே பாத்துக்கலாம். சிவப்புன்னா நானே பேனாவை எடுத்துத் தரேன். பச்சைன்னா அந்தப் பேனாவை அவங்க எடுக்கணும்."

பிறகு கெப்பாசிட்டரை இடுக்கியால் பிடித்துக் கம்பியில் வைத்தாள். ஈயம் ஒட்டியதும் கடையிலிருந்து தூக்கி வந்திருந்த கலர் டிவியில் மூன்று முறை சோதித்தாள். நகப்பூச்சு பாட்டில் என்றைக்கோ காய்ந்துவிட்டிருந்தது, நான் என் பையிலிருந்து வேறு கொடுத்தேன். அது ஊதா இல்லை, கத்திரிப்பூ நிறம். சகிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே இரண்டு புள்ளி வைத்தாள்.

மறுநாள் பதினோரு மணிக்கு அண்ணி அந்த கன்வர்ட்டரை அதிகாரியின் முன்னால் மேசையில் வைத்தாள். டிவியில் மாட்டியிருப்பதை எடுத்துவிட்டு இதை மாட்டி டேப்பை ஓட்ட வேண்டும் என்றாள். வெளிச் சாமான் எதுவும் உள்ளே வரக் கூடாது என்றார் மேனேஜர்.

"அப்ப அதுவும் வெளிச் சாமான்தான் சார்" என்றாள். "ரெண்டும் ஒரே கை. அடியில ஊதாப் புள்ளி இருக்கும், திருப்பிப் பாருங்க. ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி நான் செஞ்சது. தப்பா செஞ்சது. நிறம் போற கம்பிய வெட்டிட்டேன். உங்க டேப்புல என்ன நிறம் இருந்தாலும் அது வழியா வராது."

சூப்பர்வைசர் சிரித்தார். மேனேஜர் சிரிக்கவில்லை, அதுதான் மோசம். கருணையோடு பேசினார். "அம்மா, தப்பா செஞ்சேன்னு நீங்களே சொல்றீங்க. இன்னைக்கு மட்டும் சரியா செஞ்சிருக்கீங்கன்னு நாங்க எப்படி நம்பறது?"

"நம்ப வேண்டாம். மாட்டிப் பாருங்க. நான் தப்பா செஞ்சிருந்தா நேத்து வந்த அதே சாம்பல்தான் வரும். இல்லாத நிறத்த உண்டாக்க இந்த டப்பாவால முடியாது. உங்களுக்கு இதுல என்ன நஷ்டம்?"

விதி என்று ஒன்று இருக்கிறது என்றார் அவர். அண்ணி என் பக்கம் திரும்பினாள். "நாத்தனாரே, எழுதிக்கோ. நிறத்தைப் பாக்க வேண்டாம்னு நிர்வாகம் சொல்லிச்சு. மணி பதினொண்ணு பத்து." பிறகு அதிகாரியிடம், "நீங்களும் அதை அப்படியே எழுதிக்கங்க சார். காரணத்தையும் எழுதுங்க."

அந்த வயதான மனிதர் பேனாவைக் காகிதத்தின் மேல் வைத்து, அந்த வாக்கியத்தை எப்படி முடிப்பது என்று யோசிப்பது தெரிந்தது. முடிக்கவில்லை. பேனாவை மூடினார். "மாட்டுங்க" என்றார்.

அண்ணி எழுந்திருக்கவே இல்லை. தான் தொட்டால் ஏதோ வித்தை காட்டினாள் என்பார்கள், மேனேஜரே மாட்டட்டும் என்றாள். அவர் டையைத் தோளில் போட்டுக்கொண்டு டிவிக்குப் பின்னால் குனிந்தார். சொருகி உள்ளே போகவில்லை. மூச்சு வாங்கியது.

"அழுத்தாதீங்க, பல்லு வளைஞ்சிடும். அம்புக்குறி மேல இருக்கணும். இன்னும் கொஞ்சம் திருப்புங்க. அவ்வளவுதான்" என்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொல்லிக்கொண்டிருந்தாள், சந்தையில் வாடிக்கையாளருக்குச் சொல்வது போல.

முதலில் திரை நீலமாக இருந்தது. பிறகு கிடங்கு வந்தது. வெளுத்து, ஓரங்களில் கசிந்து, ஆனால் நிறத்தோடு. சரக்கின் மேல் போர்த்திய நீலத் தார்ப்பாய். ஆட்களின் ஆரஞ்சுத் தொப்பிகள். தரையில் யாரும் மதிக்காத மஞ்சள் கோடு. தங்கள் முற்றத்தை முதல்முறை பார்ப்பது போல மேனேஜரும் சூப்பர்வைசரும் பார்த்தார்கள். கம்பத்தில் குண்டு விளக்கு பச்சையாக எரிந்தது.

கிரேன் இறக்குகிறது, பச்சை. லாரி பின்னால் வருகிறது, பச்சை. சரக்கு உட்காருகிறது. ஆட்கள் ஓடுகிறார்கள். படம் மூன்று முறை தத்தியது. அதற்குப் பிறகுதான் சிவப்பு.

சூப்பர்வைசர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "போட்டேன்னுதான் ஞாபகம்" என்றார் கடைசியில். "முன்னாடியே போட்டேன்னு." அவரும் கண்ணை மூடினால் தெரிவதைத்தான் எழுதிக் கொடுத்திருந்தார் என்று எனக்குத் தோன்றியது. இரக்கம் வரவில்லை. அவருக்குக் கண்ணை மூடுவது சௌகரியமாக இருந்தது, என் அண்ணனுக்கு இருக்கவில்லை.

"பச்சை" என்றான் அண்ணன், யாரிடமும் இல்லாமல்.

மேனேஜர் சட்டென்று சுறுசுறுப்பானார். இது ஒரு தவறான புரிதல் என்று வைத்துக்கொள்ளலாம், திங்கள்கிழமை வேலைக்கு வரலாம், இரு பக்கமும் குறை ஒன்றும் இல்லை என்று ஒரு கையெழுத்து மட்டும் போதும் என்று காகிதம் நீட்டினார். அண்ணனின் கை பழக்கத்தில் பேனாவுக்குப் போனது. அண்ணி அவனைப் பார்க்கக்கூட இல்லை. அவன் கையைத் தானாகவே பின்னால் இழுத்துக்கொண்டான்.

"புரிதல் இல்லங்க, விளக்கு" என்றான். "என்ன நிறம்னு எழுதுங்க. அதுக்குக் கீழ போடறேன்."

அதிகாரி எழுதினார். எழுதியதை உரக்கப் படித்தார். விபத்து நடந்தபோது விளக்கு பச்சையாக இருந்தது, கிரேன் ஓட்டுநர் மேல் தவறு இல்லை. அண்ணன் அதைத் தானே ஒருமுறை வாங்கிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

கிளம்பும்போது அண்ணி மேசையில் கிடந்த பழைய கன்வர்ட்டரை எடுத்துப் பையில் போட்டாள். அது கம்பெனிச் சொத்து என்றார் மேனேஜர், ஏதாவது ஒன்றிலாவது விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது போல.

"மாத்தித் தரப்படும்னு ஒன்பது வருஷமா எழுதி ஒட்டியிருக்கேன் சார். மாத்திட்டேன்" என்றாள், டிவியின் பின்பக்கத்தைக் காட்டி. "இனிமே கலர்லயே பாருங்க."

அன்றைக்கே கடையைத் திறந்தோம். பக்கத்துக் கடைக்காரருக்கு விஷயம் எப்படியோ எங்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. தயாராகச் சிரித்துக்கொண்டு நின்றார். அவள் அவரைத் தாண்டிப் போய்ச் சுவரில் இருந்த காகிதத்தைக் கிழித்தாள். பன்னிரண்டாவதை இரண்டாக வெட்டினாள். நான் அதை ஆணியில் மாட்டி வைக்கப்போகிறாள் என்று நினைத்திருந்தேன்.

"எதுக்கு? நல்ல ஜாக் இது. இப்ப வர்றதெல்லாம் ஒரு வருஷம் கூட தாங்கறதில்ல" என்றாள்.

கெப்பாசிட்டரை வைத்து ஒட்டி, ஊதாப் புள்ளிக்குப் பக்கத்தில் கத்திரிப்பூ நிறத்தில் இன்னொரு புள்ளி வைத்தாள். காய்வதற்குள் ஒரு பெண் படியேறி வந்து, கேமராவிலிருந்து படம் வரவில்லை என்றாள்.

"எங்கேருந்து வருது, எங்க போகுது?" என்று கேட்டாள் அண்ணி.